தென்கிழக்காசியாவில் எந்த ஊருக்குப் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பக்கம் சுற்றுலா போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. இந்தப் பகுதியில் தலைநகரங்களைவிட இரண்டாம் நிலை ஊர்களும் பழைய துறைமுகங்களும்தான் பார்க்கத் தகுந்தவை என்பது என் கட்சி. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

முதல் தடவை போகிறேன். ஒரே ஓர் ஊர் சொல்லுங்கள் என்றால் எது?

பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன். யோசிக்காமல் சொல்வேன்.

1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய துறைமுகம் அது. சீனர், தமிழர், மலாய்க்காரர், அரேபியர், ஆச்சே நாட்டவர் என்று வந்தவர்கள் எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினார்கள். அந்தத் தெருக்கள் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது.

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில். முன்வாசலில் எந்த நேரமும் ஊதுபத்திப் புகை. அதற்கப்புறம் 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயில். இதன் கோபுர வாசல் அடுத்த தெருவைப் பார்த்திருப்பதால் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். பிறகு காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகரின் முயற்சியில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அருகே சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நிற்காமல் நடந்தால் எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம். நின்று பார்த்தால் ஒரு காலைப் பொழுது போதாது.

அங்கே சாப்பாடு பற்றி ரொம்பப் பேசுகிறார்களே?

பேச வேண்டிய விஷயம்தான். நாசி கண்டார் என்ற சோற்றுச் சாப்பாடு அங்கே பிறந்தது. துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு போய் விற்ற பழக்கத்திலிருந்து வந்தது. கடையில் வரிசையில் நின்று, சோறு வாங்கி, கோழியா மீனா மாட்டிறைச்சியா என்று கை காட்ட வேண்டும். "பஞ்சிர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடித்துவிடுவார்கள். அதுதான் சரியான முறை. குழம்புகளைத் தனித்தனியாகக் கேட்டால் ருசியே மாறிவிடும்.

பல கடைகளில் விலைப்பட்டியல் இருக்காது. தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொகை சொல்வார்கள். மீன் முட்டை, பெரிய இறால், கணவாய் எடுத்தால் தொகை சட்டென்று ஏறும். எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு பக்கம் உள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம்.

தைப்பூசத்துக்குப் போவது நல்லதா, தவிர்ப்பது நல்லதா?

கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலைதான் பெரிய பெயர். ஆனால் பினாங்குத் தைப்பூசத்தில் தெருவிலேயே எல்லாம் நடக்கும். முந்தைய நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் நகரத்திலிருந்து தண்ணீர்மலை அடிவாரத்துக்குக் கிளம்புகிறது. வழியெல்லாம் ரதத்தின் முன்னால் தேங்காய்களை மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். 2017 முதல் ஒரு தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

மலாக்கா, பினாங்கு இரண்டும் ஒரே மாதிரிதானே? ஒன்று போதாதா?

நேரம் குறைவென்றால் பினாங்கு போதும். இருந்தால் மலாக்காவுக்கும் ஓர் இரவு கொடுங்கள். பினாங்கைவிட இது பல நூறாண்டு மூத்த ஊர். 1400 வாக்கில் பரமேசுவரா நிறுவிய சுல்தானகம். 1511இல் போர்த்துக்கீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. டச்சுச் சதுக்கத்தின் சிவப்புக் கட்டடங்களும் பூப்போட்ட ரிக்‌ஷாக்களும் படங்களில் பார்த்தவைதான். ரிக்‌ஷாக்களில் அலறும் சினிமாப் பாட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மலாக்காச் செட்டிகள் என்று ஒரு சமூகம் அங்கே உண்டு. சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுப்பது சாரோங் கெபாயா என்ற மலாய் உடை. கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். பொங்கலும் வைப்பார்கள். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் ஜோங்கர் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அதே வரிசையில் கம்போங் கிலிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும். அவர்களுடைய சிற்றூர் காஜா பேராங் பகுதியில் உள்ளது. மே மாத வாக்கில் அங்கே நடக்கும் மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் போக முடிந்தால் விட்டுவிடாதீர்கள்.

மலாக்கா நகருக்குள் ரயில் கிடையாது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். ஜோங்கர் தெருவில் நகர முடியாது.

அப்படியென்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர் வேண்டாமா?

விமானம் எப்படியும் அங்கேதான் இறங்கும், எனவே இரண்டு நாள் தங்குங்கள். சிங்கப்பூரில் மெரினா பே பக்கம் எல்லோரும் போவார்கள். தெலோக் ஆயர் தெருவுக்கும் போங்கள். ஒரு காலத்தில் அது கடற்கரை. கப்பலில் தப்பிப் பிழைத்து வந்தவர்கள் நன்றி சொல்லக் கட்டியவை அங்கே வரிசையாக நிற்கின்றன: சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1830 வாக்கில் முடித்த நாகூர் தர்கா. கடலை மண் போட்டு மேடாக்கிவிட்டதால் இப்போது எதிரே அலுவலகக் கோபுரங்கள். நாராயணப் பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயில் சைனா டவுனுக்கு நடுவில் இருக்கிறது.

கோலாலம்பூரில் பத்துமலையைக் காலை 7 மணிக்குள் பார்த்துவிடுங்கள். 272 படிகள், கீழே 42.7 மீட்டர் உயர முருகன், ஏறும் வழியெல்லாம் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் அது உங்களுடையது இல்லை.

சோழர் தடயங்களைத் தேடிப் போக நினைக்கிறேன். எங்கெல்லாம் போகலாம்?

நிறையப் பேர் கேட்பது. ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் தாக்கிய கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. பினாங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் அருங்காட்சியகமும், அதன் பக்கத்தில் மறுபடி அடுக்கி நிறுத்திய புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இடுப்பளவு கல்மேடைகள், உடைந்த சிலைகள், மணிகள், பானை ஓடுகள். 2013இல் இந்தப் பகுதியின் பழைய கோயில் மேடு ஒன்றை வீட்டுமனைக்காக இடித்தே விட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் தமிழர் தடம் என்றாலே கப்பற்படை என்று நினைப்பது பாதிக் கதை. படை வந்து போய்விட்டது. தங்கியவர்கள் வணிகர்களும், பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளிகளும். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் அதைக் காக்கும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் பற்றிச் சொல்கிறது. சுமத்ராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுடையது.

அதே சுமத்ராவின் மேடான் நகரத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் 1884இல் ஒரு மாரியம்மன் கோயில் கட்டினார்கள். அங்கே அன்னை வேளாங்கண்ணிக்கும் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது, பார்த்தால் கோபுரம் வைத்த கோயில் என்றே சொல்வீர்கள். மேடான் அழகான ஊர் இல்லை, நெரிசலும் புகையும் அதிகம். இந்தக் கதையில் ஆர்வமுள்ளவர்கள் மட்டும் போகலாம்.

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக் கதை இன்னும் விசித்திரம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்களும் செட்டியார்களும் அங்கே இருந்தார்கள். 1975க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். பென் தான் சந்தைக்கு அருகில் உள்ள மாரியம்மன் கோயில் மட்டும் காலியாகவில்லை. வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தியோடு வந்து, கருவறைக்குப் பின்னால் போய்க் கற்சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்து வேண்டுகிறார்கள். தமிழ் பேசுகிற பக்தரைத்தான் தேட வேண்டும்.

கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்கு எத்தனை நாள் தேவை?

மூன்று. தங்கும் ஊர் சியெம் ரீப். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், நடுவில் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஆளைத் தள்ளிவிடும்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அங்கோர் வாட். சூரிய உதயப் படம் எடுக்க விடியற்காலையில் குளக்கரையில் பெருங்கூட்டம் நிற்கும். படம் எடுத்ததும் பாதிப் பேர் காலை உணவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே போய்க் கிழக்குப் பிராகாரத்தின் தென்பாதியில் உள்ள பாற்கடல் கடையும் சிற்பத்தைப் பாருங்கள். 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. காலை வெளிச்சமும் அந்தப் பக்கம் நன்றாக விழும்.

இரண்டாம் நாள் பாந்தே ஸ்ரே. ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், டுக்டுக்கில் போகலாம், அதே சீட்டு செல்லும். 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அரண்மனை அந்தணர். ரோஜா நிற மணற்கல்லில் மரச்செதுக்கு போன்ற நுணுக்கம். கிழக்குக் கோபுரத்தின் முகப்பில் பத்துக் கைகளோடு ஆடும் சிவன் இருக்கிறார். அவர் காலடியில் ஓர் ஓரமாக, எலும்பு தெரிய, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அறிஞர்கள் பலர் அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். வழிகாட்டிகள் அவரைக் காட்டுவது அபூர்வம். நீங்களே நிமிர்ந்து தேட வேண்டும்.

புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தார்கள், ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். பழைய பயணக்குறிப்புகளை நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள்.

ஜாவாவில் எந்த ஊர்?

யோக்யகர்த்தா. சுருக்கமாக ஜோக்ஜா. 1755இல் தொடங்கிய சுல்தானகம் இன்றும் இருக்கிறது. இந்தோனேசியா குடியரசுதான், ஆனால் இந்த மாகாணத்துக்கு சுல்தானே ஆளுநர். அரண்மனையில் காமலான் வாத்தியக் குழுவும் பாவைக்கூத்தும் நடக்கும்.

ஊருக்குக் கிழக்கே பிரம்பனான். 9ஆம் நூற்றாண்டுக் கோயில் வளாகம். நடுவில் 47 மீட்டர் உயரச் சிவன் கோயில். அதற்கு நாலு பக்கமும் நாலு அறைகள். கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கே தாடியும் தொந்தியுமாக நிற்கிறார் அகத்தியர். அறை இருட்டாக இருக்கும், கைபேசி வெளிச்சம் வேண்டும். சுற்றுச்சுவரின் உள்பக்கம் ராமாயணம் ஓடுகிறது. சிவன் கோயிலில் தொடங்கிப் பிரம்மா கோயிலில் முடிகிறது. மழையில்லாத மாதங்களில் இரவு திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டிய நாடகம் உண்டு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை.

வடமேற்கே 40 கிலோமீட்டரில் போரோபுதூர் என்ற பெரிய புத்தத் தூபி. மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, கல் தேயாதிருக்க நாரில் பின்னிய செருப்புக் கொடுக்கிறார்கள். ஏறும் சீட்டையும் வளாகச் சீட்டையும் தனித்தனியாக விற்பதால் எதை வாங்குகிறோம் என்று பார்த்து, முன்பே பதிவு செய்யுங்கள்.

பாலி?

நன்றாகத்தான் இருக்கிறது. உபுதில் போக்குவரத்து நெரிசலைப் பார்த்ததும் ஜோக்ஜாவில் இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாமே என்று தோன்றும். ஒரு எச்சரிக்கை: மார்ச் மாத வாக்கில் வரும் நியெப்பி மௌன நாளில் விமான நிலையம் உட்பட தீவே 24 மணி நேரம் மூடியிருக்கும். தேதி பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள்.

வியட்நாமில் ஹோய் ஆன் போக வேண்டியதுதானா? கூட்டம் என்கிறார்களே.

கூட்டம் உண்மைதான். மாலை விளக்கேற்றியபின் ஆற்றங்கரையில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன் அதே தெருக்களில் சந்தைக்குப் போகும் சைக்கிள்களும் கடை திறக்கிறவர்களும்தான். மஞ்சள் சுவர் வீடுகள், சீனச் சங்கக் கட்டடங்கள், ஜப்பானியர் கட்டிய கூரைப் பாலம், எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கிவிடலாம். தையல்காரர்கள் ஒரு நாளில் சட்டை தைத்துக் கொடுப்பார்கள். அளவு சரிபார்க்க இன்னொரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகி ஊருக்குள் வரும்.

அங்கிருந்து மை சன் கட்டாயம் போங்கள். இன்றைய நடு, தெற்கு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் முக்கியமான கோபுரம் போய்விட்டது. குண்டுக்குழிகள் இன்னும் தெரிகின்றன. சிலைகளில் சிறந்தவை டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில். சம்பாவின் வழிவந்த சாம் மக்களில் ஒரு பிரிவினர் தெற்கே பான் ராங்கில் போ குலாங் கராய் கோபுரங்களில் இன்றும் வழிபடுகிறார்கள். அக்டோபர் வாக்கில் காத்தே திருவிழா.

டா நாங்கிலிருந்து ஹுவேக்கு ரயிலில் போங்கள். ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கடல் பக்க இருக்கை கேட்டு வாங்குங்கள்.

தாய்லாந்தில் பாங்காக்கை விட்டால்?

அயுத்தயா பக்கத்திலேயே, ரயிலில் போய் மாலை திரும்பிவிடலாம். 1350 முதல் 1767இல் பர்மியப் படை எரித்துப் போட்டது வரை தலைநகரம். மரவேரில் சிக்கிய புத்தர் தலை அங்கேதான். அதன்முன் படம் எடுக்கும்போது உங்கள் தலை அதைவிட உயரமாக இருக்கக்கூடாது, குனிந்து உட்காரச் சொல்வார்கள்.

சியாங் மாய் 1296இல் மெங்ராய் அரசர் அமைத்தது. அகழி சூழ்ந்த சதுரத்துக்குள் கோயில்கள், காபிக் கடைகள். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல குளிர்ச்சி. பிப்ரவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரை வயல், காடு எரிக்கும் புகை மலைகளுக்கிடையில் தேங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் போகவே வேண்டாம்.

பாங்காக்கிலேயே ஒரு நாள் மிச்சமிருந்தால் பெரிய ஊஞ்சல் தூணுக்கு அருகில் உள்ள அரசவை அந்தணர் கோயிலுக்குப் போய்வாருங்கள். ஆண்டுக்கொரு முறை, நம்முடைய மார்கழி, தை வாக்கில், திருவெம்பாவையிலிருந்து அங்கே ஓதுகிறார்கள். உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து நமக்குப் பிடிபடாத அளவுக்குப் போய்விட்டது.

லாவோஸின் லுவாங் பிரபாங் இப்போது கெட்டுப்போய்விட்டதா?

2021 டிசம்பரில் ரயில் வந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது. தலைநகர் வியந்தியானிலிருந்து முன்பு நாள் முழுக்க மலைப்பாதையில் குலுங்க வேண்டும். இப்போது சுமார் இரண்டு மணி நேரம். ஆனாலும் மெக்கோங்கும் நாம் கான் ஆறும் சேரும் அந்த நாக்கு நிலத்தில் பெரிய கட்டடம் எதுவும் வரவில்லை. 1995 முதல் யுனெஸ்கோ பாதுகாப்பு.

விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வருவதைப் பார்க்கப் போனால், தெருவின் மறுபக்கம் நில்லுங்கள். பிளாஷ் போடாதீர்கள். கொடுக்க வேண்டும் என்றால் காலணி கழற்றி, தாழ்வாக உட்கார்ந்து கொடுக்க வேண்டும். தெருவில் விற்கும் அரிசியை வாங்காமல், தங்கும் விடுதியில் கேட்டால் ஒட்டரிசி வேகவைத்துத் தருவார்கள். இது அங்கே வழிபாடு. சில பயணிகள் பிக்குகளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் பார்த்தால் கோபமே வரும்.

யாரும் அதிகம் போகாத, ஆனால் நல்ல ஊர் ஒன்று?

போர்னியோவில் குச்சிங். மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகரம். ஆற்றங்கரை நடைபாதை, 2022இல் திறந்த போர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகம், அரை மணி தூரத்தில் செமெங்கோவில் ஓராங்குட்டான்கள், சரவாக் லக்சா என்ற நூடுல்ஸ் சூப். இபான், பிடாயூ பழங்குடியினர், மலாய், சீனர் என்று எல்லாரும் ஒரே காபிக் கடையில். மலேசியாவுக்குள் பறந்தாலும் சரவாக்கில் இறங்கும்போது மறுபடி குடிநுழைவுச் சோதனை உண்டு, கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் அங்கே மாமிசக் கணக்கில் வராது. காய்கறிப் பொரியலிலும் இருக்கும். தாய்லாந்தில் "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள். வெங்காயம், பூண்டுகூட இல்லாத புத்த சைவம். வியட்நாமில் "சாய்". அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சாதாரணக் கடைகளிலும் கிடைக்கும். இந்தோனேசியாவில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே, தோஃபு, பலாக்காயைப் பனைவெல்லத்தோடு பல மணி நேரம் வேகவைத்த குடேக். குடேக் இனிக்கும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அதோடு கோழியும் முட்டையும் வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மலேசியா, சிங்கப்பூரில் கவலையே இல்லை, வாழையிலைச் சாப்பாடே உண்டு.

எந்த மாதம் போவது?

எல்லா ஊருக்கும் பொருந்தும் மாதம் இல்லை. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி ஆரம்பம் வரை. ஜாவா, பாலி என்றால் மே முதல் செப்டம்பர். நடு வியட்நாமுக்கு பிப்ரவரி முதல் ஆகஸ்ட். பினாங்கு, மலாக்கா எப்போதும் சூடு, எப்போதும் மாலை மழை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். வியட்நாமின் தெத் புத்தாண்டு வாரத்தில் கடைகள் மூடியிருக்கும், ரயில் சீட்டு கிடைக்காது.

விமானமே ஏறாமல் சுற்ற முடியுமா?

முடியும், அதுதான் நல்ல பயணம். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர் வரை பேருந்து. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயில் நாலு மணி நேரம் சொச்சம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பினாங்குப் படகுத்துறை. பிறகு எல்லையில் உள்ள பாடாங் பெசார். ஒரே நிலையத்துக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடியும். அங்கிருந்து இரவு ரயிலில் பாங்காக். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி பின்னால், சீட்டைப் பார்க்கும்போது கவனம். 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு நேரடி இரவு ரயில் ஓடுகிறது. அங்கிருந்து லுவாங் பிரபாங்.

விசா?

உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. விதிகள் அடிக்கடி மாறும், அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள். விசா தேவையில்லை என்றாலும் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். இந்த அட்டைக்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது இல்லை.

வயதான அப்பா அம்மாவோடு போகலாமா?

சிங்கப்பூர், பினாங்கு தாராளமாக. பினாங்கு மலைக்கு இழுவை ரயில் உண்டு. அங்கோர் வாட்டின் மேல்தளப் படிகள் செங்குத்து, அவர்கள் கீழ்ப் பிராகாரச் சிற்பங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரிதாக எதுவும் இழக்கமாட்டார்கள். ஜார்ஜ் டவுனின் ஐந்தடிக் கடைமுன் நடைபாதைகள் மேடும் பள்ளமுமாக இருக்கும், சக்கர நாற்காலி தள்ளுவது கஷ்டம்.

பணத்தில் கவனிக்க வேண்டியது?

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில், டாக்சியில், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். பெரிய நோட்டைத் தனி உறையில் வையுங்கள். கம்போடியாவில் டாலர் செல்லும், மூலை கிழிந்த நோட்டு செல்லாது. தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் மொத்தமாக எடுங்கள். வாடகை வண்டிக்கு கிராப் செயலி பெரும்பாலான நாடுகளில் போதும். லாவோஸில் லோகா செயலி.

மியான்மார், பகான் போகலாமா?

பழைய கோயில் நகரமான பகான் அற்புதம். ஆனால் 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு உள்நாட்டுப் போர், 2025 மார்ச்சில் பெரும் நிலநடுக்கம். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

டுரியான் பழம் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் தோட்டத்திலேயே உடைத்துத் தருவார்கள். அங்கேயே சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். விடுதி அறைக்குள் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள், சிங்கப்பூர் ரயிலில் ஏற்றவே விடமாட்டார்கள்.